தாமிரபரணியில் மீன் பார்க்க எங்கே, எப்படி உட்காருவது?

கல்லிடைவாசி கேட்டது:
மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்து மீன் பார்த்தால் மனசு அடங்கும் என்கிறார்கள். போய் உட்கார்ந்தால் தண்ணீர் கண்ணைக் கூசுகிறது. தெரிகிற ஒன்றிரண்டும் கிட்டே போனதும் ஓடிவிடுகின்றன. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் தோதான இடம் வேண்டும். பாபநாசம் படித்துறையில் பொரி போட்டால் மொய்க்கும், தெரியும். அந்தக் கூட்டமும் சத்தமும் வேண்டாம். எந்தக் கரை, எந்த நேரம்?

பொருநைக்கரை:
முதலில் பருவம். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிய வேண்டும். தை முதல் சித்திரை வரை தோது. கலங்கல் ஓடும்போது போய்ப் பிரயோசனம் இல்லை.

உங்கள் பக்கம் ஆறு கிழக்கே ஓடுகிறது. தை, மாசியில் மதியச் சூரியன் தென்மேற்கில் நிற்கும். அப்போது கல்லிடைக்குறிச்சிக் கரையில், அதாவது தென்கரையில் வடக்குப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகுப் பக்கம் விழும். எதிரே அம்பாசமுத்திரக் கரையில் உட்கார்ந்தால் அதே வெயில் முகத்தில். தென்கரையிலும் உங்கள் நிழல் நீங்கள் பார்க்கிற இடத்தில் விழக் கூடாது. கொஞ்சம் சாய்வாகத் திரும்பி உட்காருங்கள்.

கூச்சம் வருவது தண்ணீரில் தெரிகிற வானத்தால். எதிர்க்கரை மருத மரத்தின் இருண்ட பிம்பம் எங்கே விழுகிறதோ அங்கே பாருங்கள், அடி மணல் வரை தெரியும். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது. அதிலும் ஒரு கணக்கு உண்டு. நீர்மட்டத்துக்கு 37 டிகிரி சரிவில் பார்க்கும்போதுதான் அது கூச்சத்தை முழுசாக வெட்டும். கண் தண்ணீருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால், இரண்டரை மூன்று மீட்டர் தள்ளியுள்ள நீர். அதைத் தாண்டிப் பார்த்தால் திரும்பவும் பளபளப்புதான்.

பிறகு, மீனைத் தேடாதீர்கள். அடியில் ஒரு வெளுத்த கல்லையோ மணல் திட்டையோ பிடித்துக்கொண்டு அதிலேயே கண்ணை வையுங்கள். மீனின் முதுகு மணல் நிறம், மேலிருந்து தெரியாது. மணலில் ஊர்கிற நிழல்தான் முதலில் தெரியும். நிழலுக்குச் சற்று மேலே பார்த்தால், தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வாலை மட்டும் லேசாக ஆட்டியபடி நின்ற இடத்திலேயே நிற்கும் கெண்டை. ஒன்று பிடிபட்டதும் பக்கத்தில் ஏழெட்டு இருப்பது தெரியவரும்.

மருதடி:
அண்ணாச்சி சொன்னது சரி. ஓடுவது ஏன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சுச் சத்தம் காற்றிலிருந்து தண்ணீருக்குள் அவ்வளவாக இறங்காது. காலடி அதிர்வு கரை வழியாக நேரே இறங்கும். மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு அதைப் பிடித்துவிடும். ஆகவே பேசலாம், தொம் தொம் என்று நடக்கக் கூடாது. பாறை மேல் கல்லை உருட்டினால் அன்றைக்குக் கதை முடிந்தது.

மீன் மேலே பார்ப்பது ஒரு வட்ட ஜன்னல் வழியாக. தாழ உட்கார்ந்தவர் அதன் விளிம்பில் நசுங்கித் தெரிவார், கரைமேல் நிற்பவர் முழுசாகத் தெரிவார். விளிம்பிலிருந்து ஓரடி ஈரடி தள்ளித் தரையோடு உட்காருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். கலைந்த மீன் திரும்ப கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். பலர் பத்தாவது நிமிஷத்தில் எழுந்து போய்விடுவதால்தான் ‘இங்கே மீனே இல்லை’ என்ற பேச்சு.

படித்துறை:
ஒரு கைப்பிடி பொரி போட்டால் இவ்வளவு பாடு எதற்கு? மிதக்கும், மீனும் மேலே வரும்.

மருதடி:
வரும், ஆனால் வாயைப் பிளந்து முட்டி மோதுவதை மட்டுமே பார்ப்பீர்கள். மிச்சம் அழுகும், பிஸ்கட், மிக்சர் என்றால் எண்ணெய்ப் படலம் வேறு. பரிகாரம் என்று ஆற்றில் விடுகிற துணிகள் ஏற்கெனவே போதாதா? போடாமல் இருந்தால் பார்க்க எவ்வளவோ உண்டு. ஓட்டம் இல்லாத ஆழங்குறைந்த மணலில் தட்டு மாதிரி வட்டக் குழிகள் தெரிந்தால் அது ஜிலேபி மீன். ஆண் குழி பறித்துக் காவல் நிற்கும், பெண் முட்டையை வாயில் கவ்வி அடைகாக்கும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், இன்று இல்லாத இடம் இல்லை. நாணல் ஓரம் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது போல மேலே வந்தால், அடியில் காவலுக்குப் பெரிய விரால் நிற்கும். அதுவும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வந்த இடத்தையே பார்த்துக் காத்திருங்கள். ஓட்டமுள்ள கல் பரப்பில் ‘பளிச்’ என்று வெள்ளி மின்னினால், பாசி மேய்கிற மீன் விலா திருப்பியது.

கல்லிடைவாசி:
நன்றி. கடையில் போலரைஸ்டு என்று சொல்லிக் கொடுப்பது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? கன்னடியன் அணைக்கட்டுப் பக்கம் உட்காரலாமா?

பொருநைக்கரை:
கண்ணாடியைச் செல்போன் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டால் அசல். பெரும்பாலான போனில் தெரியும். தெரியாவிட்டால் கடை வாசலில் நிற்கிற காரின் முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, கூச்சம் குறைகிறதா என்று சோதியுங்கள்.

அணைக்கட்டுக்கு மேலே தண்ணீர் தேங்கி ஆழம், அடி தெரியாது. கீழே முழங்கால் அளவு கல் ஓட்டம்; பார்க்க அதுதான் வாகு. ஆனால் மேலே பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும். ஆற்று நடுப் பாறையில் போய் உட்காராதீர்கள். நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு, அது முழுக ஆரம்பித்தால் உடனே மேலே ஏறிவிடுங்கள்.