'நம்ம வீட்டு அடுப்பு' குழு: விறகு பிளக்கிற மிஷின்

ஞாயிறு இரவு

பெரிய மாமா: 📷 📷
பெரிய மாமா: எல்லாரும் பாருங்க. ஒண்ணு ட்ராக்டர் பின்னாடி மாட்றது. இன்னொண்ணு தனி இஞ்சின், ரெண்டு சக்கரம், லோரில கட்டி இழுக்கலாம். தைப்பூசச் சமையலுக்கு இன்னும் நாலு மாசம்தான். பினாங்குத் தீவுல, பாலிக் புலாவ்ல கெடக்கற கட்டையெல்லாம் இப்பவே பிளந்தாதான் காயும்.
பெரிய மாமா: நான் ட்ராக்டர் பக்கம். நம்மகிட்ட ட்ராக்டர் இருக்கு, எதுக்கு இன்னொரு இஞ்சினுக்குக் காசு?

நிபோங் அண்ணன்: "நம்மகிட்ட" இல்ல மாமா, என்கிட்ட 😄

பெரிய மாமா: உன்னோடது யாரோடதுடா

நிபோங் அண்ணன்: எடுத்துக்கோங்க, வேணாம்னு சொல்லல. பழம் வெட்ற நாள்ல மட்டும் கேக்காதீங்க. செம்பனைக் குலை இழுக்க அது ஒண்ணுதான் இருக்கு.

நான்: அண்ணே, ட்ராக்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிபோங் திபால்ல, கட்டை தீவுல. பாலத்துல ஓட்டிட்டு வருவீங்களா?

போர்மேன் மச்சான்: அதேதான். கட்டைய லோரில ஏத்தி, பாலம் தாண்டி, எறக்கி, திரும்ப மிஷின்ல தூக்கி வச்சா முதுகு போயிரும்.

பெரிய மாமா: டுரியான் கட்டை லேசுதான் லா

போர்மேன் மச்சான்: காஞ்சா லேசு மாமா. பச்சையா தூக்கிப் பாருங்க.

பெரிய மாமா: சரி. இந்தத் தனி மிஷின் 30 டன்னு எழுதிருக்கான். அவ்ளோ பலம் நமக்கு எதுக்கு?

போர்மேன் மச்சான்: சிலிண்டர் விட்டம், ப்ரெஷர் என்ன போட்டிருக்கான்?

பெரிய மாமா: 100 மில்லிமீட்டர். 170 பார்.

போர்மேன் மச்சான்: அப்ப அது 13 டன்தான். 100 மில்லி வட்டம்னா பரப்பு 78.5 சதுர சென்டி. ஒரு பார்னா சதுர சென்டிக்கு சுமாரா ஒரு கிலோ. 78.5 பெருக்கல் 170, போன்ல தட்டுங்க.

பெரிய மாமா: 13345

பாப்பா: பாதிக்கு மேல காத்து 😂

போர்மேன் மச்சான்: நெஜமா 30 டன் வேணும்னா இதே ப்ரெஷர்ல 150 மில்லி சிலிண்டர் வேணும். ஆனா 13 நமக்குப் போதும். ரப்பர், டுரியான், நேர் கட்டைன்னா சும்மா பிளக்கும். கவை, கணு உள்ளதுதான் முரண்டு பிடிக்கும். அதையெல்லாம் ஓரமா போட்ருங்க.

அத்தை: டன்னு கெடக்கட்டும். ஒரு துண்டை எத்தனை தடவை பிளக்கணும்னு யாராவது கேட்டீங்களா? நாலா பிளந்து கொண்டாந்து போட்டீங்கன்னா பொகைதான் வரும். என் அடுப்புக்கு மணிக்கட்டு மொத்தம் இருக்கணும். பால் அண்டாவுக்கு இன்னும் மெல்லிசு.

போர்மேன் மச்சான்: அத்தை சொல்றதுதான் மேட்டர். அப்படின்னா ஒரு துண்டுக்கு ஆப்பு பத்து பன்னெண்டு தடவை போய் வரணும். நிபோங் அண்ணே, உங்க ட்ராக்டர் பின்னாடி வால்வுல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வரும்?

நிபோங் அண்ணன்: இருங்க, புக்கைப் பாக்குறேன்
நிபோங் அண்ணன்: 20

போர்மேன் மச்சான்: சிலிண்டர் 60 சென்டி ஓடணும்னா 4.7 லிட்டர் எண்ணெய் உள்ள போவணும். உங்கள்ல போக 14 செகண்ட், திரும்ப பத்து. திரும்பும்போது உள்ள ராடு எடத்தை அடைச்சுக்கும், அதான் கம்மி. தனி மிஷின்ல ரெண்டு ஸ்டேஜ் பம்ப். கட்டைய தொடற வரைக்கும் எண்ணெய் நெறைய விட்டு வேகமா ஓடும். முட்டி ப்ரெஷர் ஏறுச்சுன்னா தானா மாறி, மெதுவா பலமா தள்ளும். நிமிஷத்துக்கு 40 லிட்டர் பம்ப்னா போய் வர 12 செகண்ட். முரட்டுக் கட்டைன்னா கொஞ்சம் கூடும்.

நான்: அத்தை அடுப்புக்குப் பாதி நாள் மிச்சம்

பெரிய மாமா: ட்ராக்டர்லயே பி.டி.ஓ., அதான் பின்னாடி சுத்துற ஷாஃப்ட், அதுல பம்ப் வச்ச மாடல் இருக்காமே?

போர்மேன் மச்சான்: இருக்கு. அதுக்குன்னு தனி பம்ப், தனி எண்ணெய் டாங்கி. வேகம் வரும். ஆனா பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுத்து வர ஆக்சிலேட்டரை ஏத்தி வச்சே நிக்கணும். நாள் பூரா கத்தும்.

நிபோங் அண்ணன்: 2024 ஜூன்ல டீசல் ஒரே நாள்ல லிட்டர் 2.15 ரிங்கிட்லேர்ந்து 3.35 ஆச்சே, அன்னிலேர்ந்து நான் ட்ராக்டரை சும்மா ஓட விடறதில்ல மாமா.
நிபோங் அண்ணன்: இன்னொண்ணு. பி.டி.ஓ. கிட்ட கைலியோட யாரும் வரக்கூடாது. உங்களைத்தான் சொல்றேன். போன வருஷம் மருந்தடிக்கிற பம்ப் மாட்டும்போது என் கைலி நுனி ஷாஃப்ட்ல சுத்திக்கிச்சு. பழைய கைலி, கிழிஞ்சு விட்ருச்சு. புதுசா இருந்திருந்தா காலையும் இழுத்திருக்கும். ஷாஃப்ட் மேல பிளாஸ்டிக் மூடி ஒடைஞ்சு ஒரு மாசமா மாத்தாம விட்டது என் தப்பு.

அத்தை: ஏன்டா இதை அப்பவே சொல்லல

நிபோங் அண்ணன்: சொன்னா ட்ராக்டரையே விக்கச் சொல்லுவீங்க

பெரிய மாமா: தனி இஞ்சினும் யோக்கியமா? வருஷத்துல ரெண்டு தடவை எடுக்கறோம். மத்த நாள் சும்மா நின்னா கார்ப்ரேட்டர் அடைச்சுக்கும். நம்ம புல்லு வெட்ற மிஷின் கதைதான்.

போர்மேன் மச்சான்: நியாயம்தான் மாமா. வேலை முடிஞ்சதும் பெட்ரோல் வால்வை மூடிட்டு, இஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடணும். அதை நான் பாத்துக்கறேன். வாங்கறப்ப மட்டும் நிமித்தி வைக்கிற மாடலான்னு கேளுங்க. பெரிய துண்டைத் தூக்காம தரையில உருட்டிட்டு வந்தே பிளக்கலாம்.
போர்மேன் மச்சான்: கட்டை வைக்கிறவரே லீவரையும் பிடிக்கணும். ஒருத்தர் வைக்க ஒருத்தர் இழுத்தா விரல் போயிரும். ஹோஸ்ல எண்ணெய் கசிஞ்சா கையால தடவிப் பாக்காதீங்க. அந்த ப்ரெஷர்ல ஊசி மாதிரி தோலுக்குள்ள ஏறிரும். அட்டைய காட்டிப் பாருங்க.

பாப்பா: அப்பா, ஆப்பசைத்த குரங்கு கதை ஞாபகம் இருக்கட்டும் 🐒

பெரிய மாமா: கோலாலம்பூர்ல ஒக்காந்துகிட்டு எனக்குக் கதை சொல்றா பாரு
பெரிய மாமா: சரி, தனி இஞ்சினே. நாளைக்கு அந்தக் கடைக்காரனை 13 டன் வெலைக்குக் கேக்கறேன்.

நிபோங் அண்ணன்: ட்ராக்டர் தப்பிச்சது 🙏

நான்: அத்தே, மணிக்கட்டு மொத்தம்னா யாரு மணிக்கட்டு? மாமாவோடதா, உங்களோடதா?

அத்தை: 📷
அத்தை: இந்தப் பழைய பித்தளை வளையலைக் குடுத்து விடறேன். பிளந்த கட்டை இதுக்குள்ள நுழைஞ்சா அடுப்புக்கு. நுழையலைன்னா திரும்ப மிஷின்ல போடு.

பெரிய மாமா: ரெண்டு வளையலா குடு. ரெண்டு பேர் அடுக்கறோம்.