புதுப்பிப்பு: அமிலத்தில் பொங்காத அந்தச் சாம்பல் நிறக் கல்

இளநிலை ஆய்வுக்காகக் களத்தில் எடுத்த கல் பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் போலவே இருந்தும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் ஏன் பொங்கவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். சுரண்டி, பொடியில் விட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னீர்கள். விட்டேன். மெதுவாகக் குட்டிக் குட்டிக் குமிழ்கள். கைலென்ஸ் வைத்தால்தான் தெரிந்தன. டோலமைட்! கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட். கட்டியாக இருக்கும்போது குளிர்ந்த அமிலத்துக்கு லேசில் மசியாது.

அப்புறம் ஆய்வகம். நுண்ணோக்கியில் ஒளி ஊடுருவும்படி கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுள்ள சீவலாகத் தேய்ப்பதுதான் பெரும்பாடு. முதல் சீவலில் குவார்ட்ஸ் மணிகள் குறுக்கு போலராய்டில் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு ஒளி வடிகட்டிகளுக்கு நடுவே) மஞ்சளாகத் தெரிந்தன. சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரிய வேண்டும். அப்படியென்றால் இன்னும் தடிமன் குறையவில்லை. இரண்டாவது சீவல் தேய்ந்தே போனது. மூன்றாவது சரியாக வந்தது. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட்டைச் சிவப்பாக்கி, டோலமைட்டை விட்டுவிடும் அலிசரின் ரெட் சாயம் ஏற்றினேன். நூல் போன்ற கால்சைட் நரம்புகள் மட்டும் சிவந்தன. சுற்றிலும் சாய்சதுர டோலமைட் படிகங்கள் நிறமேறாமல் நின்றன. அவ்வளவு அழகு!

களத்தில் நான் அமிலம் விட்ட இடத்தில் அந்தக் கால்சைட் நரம்பு இல்லை; இருந்திருந்தால் பொங்கியிருக்கும். ஒரே இடத்தில் சோதித்தது என் தவறு. அடுத்த வாரம் மறுபடி போகிறோம். ஒவ்வொரு அடுக்கிலும் கல்லிலும் பொடியிலும் தனித்தனியாகச் சோதித்துக் குறித்துவருகிறேன்.