நேரில் பார்த்த பிறகு மனசு மாறிய கதை உங்களிடம் இருக்கிறதா?

சிப்புட்காரி:
பெயர் போட மாட்டேன், நீங்களும் கண்டுபிடிக்க வேண்டாம். எங்கேயாவது சொல்லிவிட்டால் தேவலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுனுக்குப் பெரிய மனிதர்கள் வருவது புதிதில்லை. முதலில் துன் சம்பந்தன் தொகுதி, அப்புறம் 1974 முதல் 2008 வரை சாமிவேலு தொகுதி. மாலையும் மேளமும் பார்த்தே வளர்ந்தோம். ஆனால் சினிமாக்காரர் வருகிறார் என்றால் அது வேறு. அதுவும் அந்த நகைச்சுவை நடிகர். அவர் எப்படிச் சிரிப்பார் என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும், அதனால் விடுகிறேன்.

அப்பா லிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் வெட்டியவர். பக்கவாதத்தில் வலது கை போச்சு, பேச்சும் பாதிதான். யார் என்ன சொன்னாலும் முகத்தில் ஒன்றும் ஓடாது. அந்த நடிகர் டிவியில் வந்து சிரித்தால் மட்டும் அப்பாவின் தோள் குலுங்கும்.

தீபாவளிச் சந்தையைத் திறந்து வைக்க அவர் வந்தார். காலை எட்டரை இருக்கும். மண்டபத்துப் பின்னால் பசியாற உட்கார வைத்திருந்தார்கள். சித்தப்பா மகன் ஏற்பாட்டுக் குழுவில் இருந்ததால் உள்ளே நுழைந்துவிட்டேன். அவர் கையில் டிஷ்யூவில் சுற்றிய ஒரு பருப்பு வடை. "சார், அப்பாவுக்காக ஒரு நிமிஷம்" என்று கைப்பேசியை நீட்டி, அப்பா நிலைமையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "எங்க பார்க்கணும்?" என்றார். கேமராவைக் காட்டினேன். வந்தது அந்தச் சிரிப்பு, படத்தில் வருகிற மாதிரியே, தலை பின்னால் சாய்ந்து. முடிந்ததும் முகம் அப்படியே அணைந்துவிட்டது. வீட்டில் நான் தினமும் பார்க்கிற முகம். அப்பா முகம்.

கடைசி இரண்டு நொடியை வெட்டிவிட்டுத்தான் அப்பாவிடம் காட்டினேன். தினமும் போடச் சொல்கிறார். எனக்கு அந்த நடிகர் படம் ஓடினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடத் தோன்றுகிறது. அவர் என்ன தப்பு செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஹீவுட் லயம்:
எனக்கு நேர்மாறு. ரேடியோ 6 காலம், மின்னல் எஃப்எம் என்று பேர் மாறுவதற்கு முந்தி. நேயர் விருப்பத்துக்கு வாரம் தவறாமல் அட்டை போடுவேன். அந்த அறிவிப்பாளர் குரலை வைத்து ஆறடி உயரம், மீசை, கோட்டு என்று மனசுக்குள் ஒருத்தரைச் செய்து வைத்திருந்தேன். எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்கியவர் என் காது உயரம்தான். சட்டை முதுகெல்லாம் வியர்வை. சப்பென்று ஆகிவிட்டது. சரி, வந்ததற்கு வணக்கமாவது சொல்லலாம் என்று பேரைச் சொன்னேன். "பச்சை மையில எழுதுவீங்களே, தோட்டத்துப் பேருக்குக் கீழ ரெண்டு கோடு போட்டு?" என்றார்.

அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "எவனுக்குடி இத்தனை அட்டை போட்ட?" என்று கேட்டது தனிக்கதை.

மேல்மாடி டிக்கெட்:
சிப்புட்காரி, கோபப்படாதீங்க. நீங்கள் கேட்டது சிரிப்பு, அவர் கொடுத்ததும் சிரிப்பு. கேமராவை மூடின பிறகும் சிரித்துக்கொண்டே இருக்க அவர் என்ன பொம்மையா? உங்கள் அப்பா பால் எடுத்துக்கொண்டு வந்து ஊற்றும்போது நிறுத்துப் பார்த்த கிராணி, "சிரிச்சிக்கிட்டே வெட்டினியா?" என்று கேட்டாரா?

நான் பட்டதைச் சொல்கிறேன். 2018 ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் நடிகர் சங்க நட்சத்திர விழா. ரஜினி, கமல் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். இங்கிருந்து பஸ் பிடித்துப் போய், காசு கொடுத்து, உச்சாணியில் உட்கார்ந்து, பெரிய திரையில்தான் பார்த்தேன். வீட்டு டிவியில் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும். மறுநாள் ஒரு ஹோட்டல் வாசலில் இளம் நடிகர் ஒருத்தர் மாட்டினார். என் கூட்டாளி தோளில் கை போட்டுப் படம் எடுக்கப் போனான். அவர் அந்தக் கையை இரண்டு விரலால், சட்டையில் ஏறின எறும்பை எடுத்துப் போடுகிற மாதிரி எடுத்துக் கீழே விட்டார். முகத்தில் கோபம்கூட இல்லை. என் கூட்டாளி அவருடைய ரசிகர் மன்றத்துப் பொருளாளர். சிப்புட் திரும்புகிற வரைக்கும் அந்தக் கையை மடியில் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

புந்தோங் பையன்:
அண்ணே, அவங்களைக் கோபப்படாதீங்கன்னு சொல்லிட்டு நீங்க சொன்ன கதை என்ன லா?

மேல்மாடி டிக்கெட்:
நான் நடிகரைக் குறை சொல்லவில்லையே. கையைப் போட்டது இவன் தப்பு. எனக்கு மனசு மாறியது கூட்டாளி மேலே. மறு வருஷமும் மன்றத்துக்குச் சந்தா கட்டினான்.

ஓய்வு வாத்தியார்:
அனைவருக்கும் வணக்கம். நானும் ஒரு பின்னணிப் பாடகரை ஈப்போவில் ஒரு கல்யாண விருந்தில் பார்த்திருக்கிறேன். நன்றாகவே பேசினார், நல்ல மனிதர். அது இருக்கட்டும். இங்கே எல்லோரும் செய்கிற தவற்றைச் சுட்டிக்காட்டுவது என் கடமை.

1956-லேயே ஹார்ட்டன், வோல் என்று இரண்டு அமெரிக்கர்கள் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒருவரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கேட்டால், அவர் நமக்கு நெருங்கிப் பழகியவர் போலாகிவிடுகிறார். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. உறவு ஒரு பக்கத்தில் மட்டும் நடக்கிறது. நேரில் போய் நிற்கும்போது நாம் இருபது வருஷப் பழக்கத்தோடு நிற்கிறோம், அவர் யாரோ ஒரு அந்நியர் முன்னால் நிற்கிறார். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ளவும்.

தோளில் கை போடாதீர்கள். சாப்பிடும்போது போகாதீர்கள். "என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள், பதில் உங்களுக்கே தெரியும். கைப்பேசியை எடுப்பதற்கு முன்னால் வணக்கம் சொல்லுங்கள். கேமராவை முன்பே திறந்து வையுங்கள், அவரை நிறுத்தி வைத்துவிட்டுக் கடவுச்சொல் தேடாதீர்கள். ஒரு படம் போதும், சித்தி, பெரியம்மா, பக்கத்து வீடு என்று வரிசை கட்டாதீர்கள். அவர் படம் ஒன்று ஓடவில்லை என்றால் அதைப் பற்றி ஆறுதல் சொல்லாதீர்கள். வீட்டுப் பிறந்தநாளுக்கு வந்து இரண்டு பாட்டுப் பாடச் சொல்லாதீர்கள். வெளிநாட்டுக் கலைஞர் இங்கே நிகழ்ச்சி செய்யப் புஸ்பால் என்கிற அரசுக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும், அது உங்கள் மாமா டத்தோவாக இருந்தாலும் பொருந்தும். சிறுபிள்ளைகளை அழ வைத்துக் கையில் கொடுக்காதீர்கள். கையெழுத்து வாங்கப் பேனா கொண்டு போங்கள். மை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹீவுட் லயம்:
சார், அந்தப் பாடகர் என்ன பேசினார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஓய்வு வாத்தியார்:
கைகழுவுகிற இடம் எங்கே என்று கேட்டார்.

ராத்திரி வேன்:
பதினோரு வருஷம் கலைஞர்களுக்கு வேன் ஓட்டினேன். சிப்புட்காரிக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். சென்னை நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். உங்களுக்குக் காலை எட்டரை என்றால் அவர் உடம்புக்கு ஆறு. சின்ன டவுனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முந்தின ராத்திரி கோலாலம்பூரில் ஒரு நிகழ்ச்சி முடித்துவிட்டுத்தான் வருவார்கள். முடியப் பன்னிரண்டு, படம் எடுத்துக் கும்பிடு போட்டு வேன் ஏற ஒன்றரை. அங்கிருந்து சிப்புட் 230 கிலோமீட்டர் சொச்சம். விடிவதற்குள் வந்து சேர்ந்து, குளித்து, எட்டரைக்குச் சட்டை மாட்டி உட்கார வைத்திருப்பார்கள். அவர் வந்த வேனை நான் ஓட்டவில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

என் கதை இது. படத்தில் அடிதடி, வீட்டில் திமிர் என்று பேர் வாங்கின ஒருத்தர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஏறினதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பியை இழுத்து மூக்கு வரை விட்டிருந்தார். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தச் சொன்னார். ராத்திரி மூன்று மணி. லோரிக்காரர்கள் நாலு பேர், ஒரு மலாய்க் குடும்பம், மேசை துடைக்கிற பங்களாதேஷ் பையன். மேகி கோரிங் வாங்கி மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதியில் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்பவும் ஒருத்தரும் பார்க்கவில்லை. எழுந்து, தட்டைத் தானே கொண்டு போய் வைத்துவிட்டு, கடைகளை ஒரு சுற்று சுற்றினார். அப்புறம் இன்னொரு சுற்று, கொஞ்சம் மெதுவாக. தண்ணீர்க் கடை மாக்சிக் அவரை நிமிர்ந்து பார்த்தார். இவரும் லேசாகச் சிரித்துக்கொண்டு நின்றார். "மினும் அபா?" என்றார் மாக்சிக்.

வேனில் ஏறினதும் என்னிடம் கேட்டார், "அந்தம்மா என்ன சொன்னாங்க?"

என்ன குடிக்கிறீங்கன்னு கேட்டாங்க சார் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கு மேல் விடிகிற வரைக்கும் தன் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இப்போது அவர் படம் எதையும் விடுவதில்லை, எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

புந்தோங் பையன்:
தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சின்னு யாரும் இன்னும் சொல்லலையே. பத்து வெள்ளி பந்தயம் கட்டியிருந்தேன்.

பேராக் ரசிகன்:
சினிமாவை விடுங்கள் தம்பி. எங்கள் காலத்தில் நட்சத்திரம் என்றால் கால்பந்து கோல்கீப்பர் ஆறுமுகம். கை நீளத்துக்கு ஸ்பைடர்மேன் என்று பேர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு நம் குழு தகுதி பெற்றும் அரசாங்கம் புறக்கணித்ததால் போகாமல் விட்டது, அந்தக் குழுவில் இருந்தவர். அவர் சிலாங்கூருக்கு ஆடினவர், நான் பேராக் ஆள். அவர் பந்தைப் பிடித்தால் வயிறு எரியும், கையோ தானாகத் தட்டும். 1988-இல் சாலை விபத்தில் போய்விட்டார். நேரில் பேச வாய்க்கவே இல்லை.

வாய்த்தது வேறொருத்தரோடு. நம் மாநிலத்து ஆட்டக்காரர், பேர் வேண்டாம். தோட்டத்துத் திடலில் இறுதியாட்டத்துக்குப் பரிசு கொடுக்க வந்தார். நான் அன்றைக்கு இரண்டு கோல் போட்டிருந்தேன். காலணி இல்லாமல். பரிசுக் கிண்ணத்தைக் கொடுக்கும்போது என் காலைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது இங்கிலீஷ் தெரியாது. நல்லதாகக்கூட இருந்திருக்கலாம். "வெறுங்காலில் இப்படி ஆடுகிறான் பார்" என்று சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது, அந்த வாயசைவை இன்னும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். இங்கிலீஷ் படித்தது வேறு காரணத்துக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு வாத்தியார்:
பெரியவரே, இதை நீங்கள் அப்போதே அவரிடம் கேட்டுத் தெளிந்திருக்கலாம். கேட்பதில் மூன்று முறைகள் உண்டு.

பேராக் ரசிகன்:
வேண்டாம் சார்.

சிப்புட்காரி:
ராத்திரி வேன் அண்ணன் எழுதினதைப் படித்துவிட்டு வெட்டாத வீடியோவைத் தேடி எடுத்தேன். மூன்று தடவை பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு தெரிகிறது, அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. அதனால் எனக்குப் பாவமாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான், முழுசாக ஆகவில்லை. நான் அப்பா நிலைமையைச் சொல்லி முடிப்பதற்குள் "எங்க பார்க்கணும்?" என்று வெட்டியது இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. தூக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மேல்மாடி அண்ணன் இதற்கும் ஒன்று வைத்திருப்பார்.

நேற்று ராத்திரி முழு வீடியோவையும் அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். பயந்துகொண்டேதான். சிரிப்பு வந்தது, அப்பா தோள் குலுங்கியது. சிரிப்பு அணைந்தது, அந்த வெற்று முகம் வந்தது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையைத் தூக்கித் திரையைத் தொட்டார். ஏதோ சொல்ல வருகிறார் என்று காதைக் கிட்டே கொண்டு போனேன். பாதிப் பேச்சில், திரும்பத் திரும்பச் சொன்னதில்தான் புரிந்தது.

"அந்த வடைய... சாப்பிட்டானா?"

தெரியலப்பா என்றேன்.