குழுமத்தின் ஐடி பிரிவு எந்த வகைச் சேவையாளர்?

ஆலைக்கணினி எழுதியது:
எங்கள் குழுமத்தில் நூற்பாலை, பம்ப் தொழிற்சாலை, ஏற்றுமதி நிறுவனம் என மூன்று தனி நிறுவனங்கள் உள்ளன. நூற்பாலையின் ஐடி பிரிவே மற்ற இரண்டின் சர்வர், மின்னஞ்சல், ஈஆர்பி (கணக்கு, கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) ஆகியவற்றையும் கவனிக்கிறது. சம்பளமும் பட்ஜெட்டும் நூற்பாலைக் கணக்கில்தான். ஐடி சேவை மேலாண்மைக்கான வழிகாட்டித் தொகுப்பான ஐட்டிலின் (ITIL) பாகுபாட்டின்படி இது டைப் 1 ஆகுமா, டைப் 2 ஆகுமா? மூன்றும் தனித்தனிப் பதிவு பெற்றவை என்பதால் டைப் 3 என்கிறார் எங்கள் தணிக்கையாளர்.

சேவைமேசை எழுதியது:
2007இல் வெளிவந்த ஐட்டில் மூன்றாம் பதிப்பின்படி, ஒரே வணிகப் பிரிவுக்குள் இருந்து அதற்கு மட்டும் பணிபுரிவது டைப் 1, ஒரே குழுமத்தின் பல பிரிவுகளுக்குப் பொதுவாக இயங்குவது டைப் 2, வெளி வாடிக்கையாளர்களுக்குச் சந்தையில் போட்டியிட்டு விற்பது டைப் 3. தனிப் பதிவு இதில் அளவுகோல் அன்று. கிரிஸ் எனப்படும் ரயில்வே தகவல் அமைப்பு மையம் 1986இல் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் தனிச் சங்கமாகவே தொடங்கப்பட்டது. ஆயினும் முன்பதிவு, சரக்குப் போக்குவரத்து மென்பொருள்களை எல்லா மண்டலங்களுக்கும் நடத்தித் தருவதால் அதனை டைப் 2 என்று கொள்வதே பொருந்தும். பாஸ்போர்ட் சேவைத் திட்டத்துக்காக வெளியுறவு அமைச்சகம் 2008இல் டிசிஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்ததோ தெளிவான டைப் 3. உங்களுடையது டைப் 2.

இரவுப்பணி எழுதியது:
பெயரளவில் டைப் 2 என்பதை ஏற்கிறேன்; நடைமுறையில் இன்னும் டைப் 1தான். மாதக் கடைசி நாளில் நூற்பாலையின் சம்பளப் பட்டியலும் பம்ப் தொழிற்சாலையின் இன்வாய்ஸும் ஒரே நேரத்தில் நின்றுபோனால், ஐடி மேலாளர் நூற்பாலைப் பொது மேலாளரிடம் பதில் சொல்ல வேண்டியவர் என்பதால், எந்தப் புகார் டிக்கெட்டை முதலில் எடுப்பார் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. மூன்று நிறுவனங்களுடனும் தனித்தனி எஸ்எல்ஏ (சேவைத்தர ஒப்பந்தம்) போட்டு, எந்தப் பழுதுக்கு என்ன முன்னுரிமை என்பதை அதில் எழுதி, ஈஆர்பி பயனர் எண்ணிக்கைப்படி செலவைப் பிரித்து, மேலாளரைக் குழுமத் தலைமையின்கீழ் கொண்டுவந்த பிறகே அது பகிர்வுச் சேவைப் பிரிவாகும், அதாவது உண்மையான டைப் 2 ஆகும். கட்டணம் கண்ணில் பட்டதும், வெளியில் இதைவிடக் குறைவாகக் கிடைக்குமே என்று ஏற்றுமதி நிறுவனம் கேட்கும். கேட்கட்டும், அந்த ஒப்பீடு டைப் 2க்கு நல்லதே.

வரிக்கணக்கு எழுதியது:
தணிக்கையாளரின் கவலை ஐட்டில் பற்றியதாக இராது. ஒரே குழுமமாயினும் தனி நிறுவனங்களுக்கிடையிலான ஐடி சேவைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு; தொடர்புடைய நிறுவனங்கள் என்றால் பணம் வாங்காமல் செய்தாலும் அது வரிக்குரிய வழங்கலாகவே கருதப்படும். ஆகவே செலவைப் பிரிக்கும்போது இன்வாய்ஸும் போடுங்கள். பெறும் நிறுவனத்துக்கு முழு உள்ளீட்டு வரி வரவு (கொடுத்த ஜிஎஸ்டியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்குமானால், இன்வாய்ஸில் காட்டிய தொகையே வரிக்கான மதிப்பாக ஏற்கப்படும்.