பைன்வுட் டெர்பி கார் இடப்புறம் ஒதுங்குகிறது: எவ்வளவு ஒதுங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் கப் ஸ்கவுட்டில் (சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவு) இருக்கும் என் எட்டு வயது மகனுக்கு வரும் சனிக்கிழமை பைன்வுட் டெர்பி பந்தயம்; சிறுவர்கள் செய்த சிறு மரக் கார்களைச் சரிவான தடத்தில் மோட்டார் இல்லாமல் ஓடவிடும் போட்டி அது. பெட்டியில் வந்த பைன் கட்டையை அவனே ஆப்பு வடிவில் தேய்த்திருக்கிறான்; டங்ஸ்டன் எடைகளைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் பதித்து, விதி அனுமதிக்கும் 5 அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 142 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அச்சாகப் பயன்படும் ஆணிகளின் தலைக்கு அடியில் இருந்த பிசிறை அரத்தால் நீக்கி, உப்புத்தாளால் மெருகேற்றி, கிராஃபைட் தூளும் இட்டாயிற்று. (அந்தக் கரி இன்னும் சாப்பாட்டு மேசையை விட்டுப் போகவில்லை.)

முன் இடச் சக்கரம் தரையைத் தொடாதபடி உயர்த்தியிருக்கிறோம். சற்றே சாய்த்த பலகையில் உருட்டினால், நான்கு அடி போவதற்குள் வண்டி ஓர் அங்குலம் இடப்புறம் ஒதுங்குகிறது. முன் வலச் சக்கரத்தின் உட்புறம் தடத்தின் நடுவே நீளவாக்கில் உயர்ந்திருக்கும் வழிகாட்டிக் கட்டையை ஒட்டியே ஓடினால் வண்டி அலையாது என்பதால், இந்த ஒதுக்கம் நல்லதென்றே நினைக்கிறேன். ஆனால் மிகுந்தால் உராய்வு வேகத்தைத் தின்றுவிடும். ஒதுக்கத்தைக் கூட்டிக் குறைக்க அச்சு ஆணியை வளைக்கலாம்; எங்கள் பிரிவின் விதியில் அதற்குத் தடையில்லை. நான்கு அடிக்கு எத்தனை அங்குலம் ஒதுங்குமாறு வைப்பது சரி, ஆணியை உடைக்காமல் வளைப்பது எப்படி என்று, செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.