ஸ்விங்குக்கு தமிழ்ல என்ன? சனிக்கிழமைக்குள்ள வேணும்

தாராவி வாத்தியார், செவ்வாய்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை நம்ம தாராவி பசங்களுக்கு பாட்டு கேக்கற வகுப்பு, இந்த தடவ பிரெஞ்சுக்காரர் செயின்ட் ஜெர்மெனோட டூரிஸ்ட், 2000ல ப்ளூ நோட் கம்பெனி போட்ட ரெக்கார்டு. கீழ மெஷின்ல ஓடற ஹவுஸ்ங்கற டான்ஸ் இசையோட அடி, மேல ஆளுங்க ஊதற ட்ரம்பெட், சாக்ஸ், ஃப்ளூட், ஒரு பாட்டுல ஜமைக்காக்காரர் எர்னஸ்ட் ராங்லின் கிட்டார். ரெண்டு பக்க நோட்ஸ் தமிழ்ல அடிச்சுட்டேன். லூப்புக்கு சுழல், சாம்பிளுக்கு துணுக்கு, கிக்குங்கற பெரிய டிரம் அடிக்கு உதைன்னு போட்டிருக்கேன், அதுக்கெல்லாம் யாரும் சண்டைக்கு வராதீங்க. அடி நேரா விழாம கொஞ்சம் சாஞ்சு விழுமே, அந்த ஸ்விங்லதான் மாட்டிக்கிட்டேன். ஊஞ்சல்னா பசங்க இந்தில ஜூலா ஜூலான்னு சிரிக்கறானுங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் எடுக்கணும்.

மாட்டுங்கா ஐயா

தம்பி, புதுசா எதுக்கு? தூங்கல்னு இருக்கே. பாவுக்கு ஒரு ஓசை உண்டுல்ல, வெண்பாவுக்கு செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்கு துள்ளல், வஞ்சிக்கு தூங்கல். தூங்கறதுன்னா உறங்கறது இல்ல, தொங்கி அசையறது. சோழன் செம்பியன் அழிச்ச, ஆகாயத்துல தொங்கின தூங்கெயில் என்ன கொறட்டை விட்ட கோட்டையா? யானைக்கே நிகண்டுல தூங்கல்னு பேர் உண்டு, நின்ன எடத்துலயே ஆடிக்கிட்டிருக்கும்ல. ஆமா, ஹவுஸ்னு அப்படியே விட்டிருக்கீங்களே, மனையிசைன்னு வெக்கக்கூடாதா?

சயான் தம்பி

ஐயா, அந்த ஹவுஸ் வீடு இல்ல. சிகாகோல வேர்ஹவுஸ்னு ஒரு கிளப், 1977ல தொறந்தது, ஃப்ராங்கி நக்கிள்ஸ் அங்க டிஜேவா ரெக்கார்டு ஓட்டினாரு, அதுலேர்ந்து வந்த பேருன்னுதான் பொதுவா சொல்வாங்க. மனை போட்டா கல்யாணப் பாட்டுன்னு நெனச்சிப்பாங்க.

தூங்கலும் எனக்கு ஒத்துவரல. ஆடறதுக்குன்னே பண்ண இசைக்கு தூங்கலா? இன்னொன்னு, ஸ்விங் வெறும் ஃபீலிங் இல்ல, மெஷின்ல அது ஒரு நம்பர். ரோஜர் லின் 1980ல பண்ண எல்எம்-1 டிரம் மெஷின்லயே உண்டு, 1988ல வந்த எம்பிசி60லயும் உண்டு. சின்ன அடிங்கள ஜோடி ஜோடியா எடுத்துக்கோங்க, ஒவ்வொரு ஜோடிலயும் ரெண்டாவது அடி கொஞ்சம் லேட்டா விழும். 50 பர்சென்ட்னா நேர், 66னா ஜோடியோட நேரத்துல மூணுல ரெண்டு பங்க மொத அடியே சாப்டுடும். நான் ஹவுஸுக்கு 54, 56னு வெப்பேன். கிக் மட்டும் நாலு அடியும் நட்டுக்குத்தா நிக்கும், மேல உள்ளது சாயும். அதனால பட்டன் மேல எழுதறாப்ல சின்ன வார்த்தையா வேணும். இழுவை?

செம்பூர் அக்கா

இழுவைனா எனக்கு ராத்திரி எட்டு மணி சீரியல்தான் ஞாபகம் வருது தம்பி. நடைன்னு போடலாம்னு பாத்தா கர்நாடக சங்கீதத்துல திஸ்ர நடை, சதுஸ்ர நடைன்னு அங்க ஏற்கனவே ஆள் உக்காந்திருக்கு.

ஆனா நீ சொன்ன அந்த 66அ கவனிச்சியா? ரெண்டுக்கு ஒன்னு. அது நெடில் குறில்தானே! தக தக தக தகன்னா நேர். தாக தாக தாக தாகன்னா ஸ்விங். பசங்கள வாயால சொல்ல வெச்சா போதும், பேரே வேணாம்.

மாட்டுங்கா ஐயா

அம்மா, நேத்து ராத்திரி தூக்கமே வரல உங்களால. நெடில் ரெண்டு மாத்திரை, குறில் ஒன்னு, சரி. அப்போ 60 பர்சென்ட்? ஒன்றரைக்கு ஒன்னு. ஐகாரக் குறுக்கம், அதாவது ஐ சுருங்கி ஒலிக்கறது, மொழிமுதல்ல ஒன்றரை மாத்திரைன்னு படிச்சோமே, அதேதான்! தம்பியோட 54க்கு மட்டும் கணக்கு போட்டு பாத்தேன், ஒன்னேகால்கூட வரல, நம்ம இலக்கணத்துல அந்த அளவுக்கு எழுத்தே கெடையாது. ஆனா மாத்திரைய கண்ணிமை, கைநொடின்னுதானே அளந்தாங்க, ஜாஸ் கேக்கறவன் ரெண்டாவது நாலாவது அடிக்கு வெரல் சொடுக்கறதும் அதே நொடிதான். சிலம்புல அரங்கேற்று காதை உரையில கொட்டு அரை மாத்திரை, அசை ஒன்னு, தூக்கு ரெண்டு, அளவு மூணுன்னு…

சயான் தம்பி

ஐயா சனிக்கிழமை.

தாராவி வாத்தியார், வியாழன்

இன்னிக்கு நாலஞ்சு பசங்கள வெச்சு போட்டு காட்டினேன். பறை அடிக்கற பையன் ஒருத்தன், அவங்க வீடு திருநெல்வேலி பக்கம், ரெண்டு தடவ கேட்டுட்டு "அண்ணே இது நொண்டுது, ஆனா விழல"ன்னான். நொண்டல்னே போட்டுடவா?

மாட்டுங்கா ஐயா

அடடா! நொண்டிச் சிந்து! நொண்டி நாடகத்துல வர்ற பாட்டு வகை, பாஞ்சாலி சபதத்துல பாரதியே கையாண்டது. என் தூங்கல வாபஸ் வாங்கிக்கறேன். அந்தப் பையனுக்கு என் பேர்ல ஒரு வடாபாவ் வாங்கிக் குடுங்க.

செம்பூர் அக்கா

வகுப்புல கால் சரியில்லாத புள்ள யாராவது இருக்கா?

தாராவி வாத்தியார்

இருக்கான். எனக்கு தோணவே இல்லக்கா.

மாட்டுங்கா ஐயா

வேணாம். தூங்கலே இருக்கட்டும்.

சயான் தம்பி

சரி நொண்டல் வேணாம், அதுக்காக தூங்கலா? ஸ்விங்குனே விடுங்களேன். பஸ்சுக்கு பேருந்துன்னு எழுதறோம், ஸ்டாப்புல நின்னு எவன் பேருந்து வருதான்னு கேக்கறான்? சொல்ல மறந்துட்டேன், மெஷின்ல ராகம்னா நம்ம பம்பாய்லயே சரண்ஜித் சிங் 1982ல பண்ணிட்டாரு, டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பாஸ் மெஷின் வெச்சு பத்து ராகம். அடுத்த வகுப்புக்கு அத போடுங்க, மெஷின்னா வெளிநாட்டுச் சரக்கு மட்டும்னு பசங்க நெனைக்கப்போறாங்க.

தாராவி வாத்தியார், சனி ராத்திரி

எடுத்தாச்சு, நாப்பது காப்பி. தூங்கலுக்கு மூணு பேர், ஸ்விங்குக்கு ரெண்டு பேர், மத்தவங்க யாரும் வாயே தொறக்கல. தலைப்புல ஸ்விங், உள்ள தூங்கல், கூடவே அக்காவோட தாக தாக. ஸ்கேன் அனுப்பியிருக்கேன்.

சயான் தம்பி

நான் ஸ்விங்னுதான் சொல்வேன். உதைய வேற மாத்தாம விட்டுட்டீங்க.

மாட்டுங்கா ஐயா

தலைப்புல ஸ்விங்னு போட்டதுல எனக்கு சம்மதம் இல்ல, அத பதிவு பண்ணிக்கறேன். இன்னொன்னு, ரெண்டாம் பக்கத்துல மூணு எடத்துல "தூங்கள்"னு அச்சாகியிருக்கு. ஜெராக்ஸ் கடை தொறந்திருக்கா?