'ரன்' என்ற சொல்லுக்கு 645 பொருளாம். மூக்கு ஒழுகுவதையும் சேர்த்தா?

சொல்வேட்டை:
நேற்று 'ஆங்கிலக்காதலன்' இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் சொன்னது இதுதான்: "ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள் உண்டு, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சொல்கிறது, இப்படி ஒரு சொல் வேறெந்த மொழியிலும் கிடையாது."

ஐயா, அந்த 645 எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? பெரிய ஆங்கில அகராதிகளைத் திறந்து பாருங்கள். ஆறு ஓடுவதற்கு ஓர் எண், மூக்கு ஒழுகுவதற்கு வேறோர் எண். இரண்டிலும் நீர்தானே ஓடுகிறது? ஒரே பொருளைக் கூறு போட்டு விற்றால் 645 என்ன, ஆறாயிரமும் வரும்.

இதே கணக்கை நம் 'ஓடு'க்குப் போடுங்கள். வண்டி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, வியாபாரம் ஓடவில்லை, மண்டைக்குள் ஏதோ ஓடுகிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எண்ணுவதற்கு ஆள் உட்காரவில்லை, அவ்வளவுதான். ஆள் இல்லாததால் சொல்லே இல்லை என்று ஆகிவிடுமா?

ஆங்கிலக்காதலன்:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். 645 நான் கனவில் கண்ட எண் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் மூன்றாம் பதிப்புக்காகப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டித் திருத்திய பதிவு அது. 2011இல் வெளிவந்தது. 645 என்பது வினைக்கு மட்டும், பெயர்ச்சொல் கணக்கு தனி. ஒன்பது மாதம் உழைத்தவரை 'கூறு போட்டு விற்றார்' என்று சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வந்தது?

மூக்கு விஷயத்துக்கு வருகிறேன். ஆறு ஓடும்போது ஓடுவது ஆறேதான். மூக்கு 'ரன்' ஆகும்போது மூக்கு ஓடுவதில்லை, அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அதிலிருந்து நீர் வருகிறது. எழுவாய் நீரிலிருந்து பாத்திரத்துக்கு மாறிவிட்டது. அதனால் பொருளும் மாறிவிட்டது. இது பள்ளிப்பிள்ளைக்குக்கூடப் புரியும்.

சொல்வேட்டை:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் குழாயும் 'ரன்' ஆகிறது. குழாய் சுவரில்தான் இருக்கிறது, ஓடுவது தண்ணீர். உங்கள் விதிப்படி குழாயும் மூக்கும் ஒரே பொருளா, வேறு வேறா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

செட்டுக்கு_ஜே:
இரண்டு பேரும் தப்பு. அதிகப் பொருள் உள்ள சொல் 'செட்'. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருள், அந்த ஒரு பதிவின் விளக்கமே 60,000 சொல் நீளம். உலக சாதனைப் புத்தகத்திலேயே ஏறிய கணக்கு. சின்ன வயதிலிருந்து படித்து வந்ததை ஒரே நாளில் யார் மாற்றியது?

ஆங்கிலக்காதலன்:
நீங்கள் சொல்வது பழைய பதிப்பு. மூன்றாம் பதிப்புக்கான திருத்தம் 2000இலிருந்து நடக்கிறது. 430 பெரிதா, 645 பெரிதா? கழித்தல் கணக்கு தெரியும் என்று நம்புகிறேன்.

செட்டுக்கு_ஜே:
'ரன்'னுக்குப் புதுக் கணக்கு, 'செட்'டுக்குப் பழைய கணக்கு. ஒருவனுக்குச் செருப்போடும் இன்னொருவனுக்கு வெறுங்காலோடும் உயரம் அளந்துவிட்டு யார் உயரம் என்று கேட்பதா? இரண்டையும் ஒரே கோலால் அளந்துவிட்டு வாருங்கள்.

பழைய வாத்தியார்:
தம்பிகளே, நாற்பது ஆண்டு ஆங்கில இலக்கணம் நடத்தியவன் சொல்கிறேன். 'செட்' ஒரே சொல்லே அல்ல. 'வை', 'அமர்த்து' என்ற வினை பழைய ஆங்கிலத்திலிருந்து வருகிறது, 'உட்கார்' என்பதன் பிறவினை. 'தொகுப்பு' என்ற பொருளில் வரும் 'செட்' பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. வந்த வழி வேறு, வந்து சேர்ந்த ஒலி ஒன்று. பின்னால் இரண்டும் கலந்துவிட்டன.

நம் 'ஓடு'ம் அப்படித்தான். ஓடுகிற ஓடு வேறு. கூரை ஓடு, மண்டை ஓடு, ஆமை ஓடு வேறு. 'அவனோடு' என்பதில் வரும் 'ஓடு' வேற்றுமை உருபு. மூன்றையும் ஒரே கணக்கில் போட்டால் அது ஏமாற்று. முதலில் 'பொருள்' என்றால் என்ன, 'சொல்' என்றால் என்ன என்று வரையறுத்துக்கொண்டு பேசுவோமா?

சொல்வேட்டை:
ஐயா, நான் கூரை ஓட்டைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நான் எழுதியதை மறுபடி படியுங்கள். வண்டி, கடிகாரம், படம், பொழுது எல்லாமே ஓடுகிற ஓடு. எழுதாததை எழுதியதாகச் சொல்லி வகுப்பு எடுக்க வேண்டாம். வரையறை எல்லாம் பிறகு. குழாயும் மூக்கும் ஒன்றா, வேறா? ஆங்கிலக்காதலன் இன்னும் பதில் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பவள்:
பதினைந்து வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். 645ஆ 644ஆ என்பது எனக்கு முக்கியமில்லை. 'ரன்' வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் என் கை நிற்கிறது, அதுதான் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் காய்ச்சல் 'ரன்' ஆகும், தமிழில் அடிக்கும். நிறுவனத்தை 'ரன்' செய்வார்கள், நாம் நடத்துவோம். கட்டுரையைப் பத்திரிகை 'ரன்' செய்யும், நாம் வெளியிடுவோம். துவைத்தால் சாயம் 'ரன்' ஆகும், நமக்குச் சாயம் போகும். பணம் 'ரன் அவுட்' ஆகும், நமக்குத் தீர்ந்துபோகும். அடி, நடத்து, வெளியிடு, போ, தீர்: ஒரு சொல்லுக்கு ஐந்து வினை.

எல்லாவற்றையும் விடத் தேர்தல்! அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார், ஓடுகிறார். தமிழில் தேர்தலில் நிற்கிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே 'ஸ்டாண்ட்', நிற்கிறார்தான். ஒரே காரியத்தை ஒரு பக்கம் ஓட்டம் என்கிறது, இன்னொரு பக்கம் நிற்றல் என்கிறது. இதைப் பற்றிப் பேசலாமே.

சொல்வேட்டை:
மேடம், நீங்கள் என் பக்கம்தான் பேசியிருக்கிறீர்கள். ஆங்கிலேயன் ஐந்து காரியத்துக்கும் ஒரே சொல்லை இழுத்துப் போர்த்துகிறான். நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. வளம் யாரிடம்? அப்புறம், மூக்கைப் பற்றி நீங்களும் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பவள்:
நான் யார் பக்கமும் பேசவில்லை. மேலே நீங்கள்தான் தமிழில் 'ஓடு' என்ற ஒரே சொல் வண்டிக்கும் படத்துக்கும் பொழுதுக்கும் வரும் என்று பெருமைப்பட்டீர்கள். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் என்று பெருமைப்படுகிறீர்கள். எது பெருமை என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

ஆங்கிலக்காதலன்:
நன்றி மேடம். நான் கேட்க நினைத்ததை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

சொல்வேட்டை அவர்களே, பொருள் ஒன்றா வேறா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. இணைச்சொல்லை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆறு 'ரன்' ஆகிறது என்பதற்குப் பதில் 'ஃப்ளோ' ஆகிறது என்று சொல்லலாம். மூக்கு 'ஃப்ளோ' ஆகிறது என்று ஆங்கிலம் தெரிந்த எவனும் சொல்ல மாட்டான். நிறுவனத்துக்கு 'மேனேஜ்' பொருந்தும், எந்திரத்துக்கு 'ஆப்பரேட்' பொருந்தும், காலால் ஓடுகிறவனுக்கு 'ஸ்பிரிண்ட்' பொருந்தும். இடம் மாற்றிப் போட்டால் எதுவும் ஒட்டாது. இணைச்சொல் மாறுகிற இடத்தில் பொருள் மாறுகிறது. மூக்கு தனிப் பொருள். முடிந்தது.

சொல்வேட்டை:
முடியவில்லை. ஆற்றையும் மூக்கையும் மாற்றிப் போட்டுக் காட்டினீர்கள். நான் கேட்டது குழாய். குழாயையும் மூக்கையும் மாற்றிப் போட்டுக் காட்டுங்கள். குழாயிலும் 'ஃப்ளோ' ஒட்டாது, மூக்கிலும் ஒட்டாது. ஆக உங்கள் சோதனைப்படியே இரண்டும் ஒரே பொருள். 645இல் ஒன்று குறைந்துவிட்டது. 644. இப்படியே ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருவேன்.

ஆங்கிலக்காதலன்:
குழாயைத் திருகினால் நிற்கும். மூக்கைத் திருகிப் பாருங்கள், நிற்கிறதா என்று.

நிரலாளன்:
நடுவில் ஒரு சந்தேகம். நிரலை 'ரன்' செய் என்பதற்கு 'இயக்கு' சரியா, 'ஓட்டு' சரியா? எங்கள் குழுவில் தினமும் சண்டை. பேச்சில் எல்லோரும் 'ஓட்டிப் பாரு' என்கிறோம், எழுத்தில் 'இயக்கு' என்று வருகிறது.

சொல்வேட்டை:
ஓட்டு. சந்தேகமே வேண்டாம். வண்டியை ஓட்டுகிறோம், நிரலையும் ஓட்டலாம்.

மொழிபெயர்ப்பவள்:
'ஓட்டு' என்று தனியாக ஒரு பொத்தானில் எழுதினால் வாக்குப் போடச் சொல்வதாக நினைப்பார்கள். 'இயக்கு'தான்.

சொல்வேட்டை:
வாக்கு என்று அழகான சொல் இருக்கும்போது ஆங்கில 'வோட்'டை 'ஓட்டு' ஆக்கி உள்ளே விட்டது யார்? உங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள்தான்.

மொழிபெயர்ப்பவள்:
என் வாழ்நாளில் ஒரு இடத்தில்கூட 'ஓட்டு' என்று எழுதியதில்லை. 'வாக்கு' என்றே எழுதியிருக்கிறேன். தெரியாமல் குற்றம் சுமத்தாதீர்கள்.

பழைய வாத்தியார்:
மூக்கை வைத்து இவ்வளவு தூரம் வந்த பிறகு, 'ஒழுகு' என்ற சொல்லை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. தமிழில் மூக்கு ஓடுவதில்லை, ஒழுகுகிறது. கூரையும் ஒழுகுகிறது, பானையும் ஒழுகுகிறது. மூன்றிலும் எழுவாய் பாத்திரம், வருவது நீர். ஆங்கிலக்காதலன் தம்பி பெரிதாகச் சொன்ன அந்த எழுவாய் மாற்றம் நம் மொழியிலும் அப்படியே இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். அதே 'ஒழுகு'விலிருந்துதான் 'ஒழுக்கம்' வந்தது. நீர் ஒரு வழியில் இடைவிடாமல் போவது ஒழுகுதல், மனிதன் ஒரு நெறியில் தொடர்ந்து போவதும் ஒழுகுதல். மூக்கொழுகலும் ஒழுக்கமும் ஒரு தாய் மக்கள். "உலகத்தோடு ஒட்ட ஒழுகல் பலகற்றும் கல்லார் அறிவிலாதார்" என்று குறள் சொல்கிறது. ஒரு சொல் பல பொருள் என்பது நமக்குப் புதிதா? திவாகர நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூலில் ஒரு தொகுதியே அதற்காக இருக்கிறது. தொல்காப்பியம் திரிசொல்லை, அதாவது கற்றவர்க்கே விளங்கும் செய்யுட் சொல்லை, இரண்டாகப் பிரிக்கும்போதே, ஒரு பொருள் குறித்த வேறு சொல், வேறு பொருள் குறித்த ஒரு சொல் என்று சொல்லிவிட்டது.

சொல்வேட்டை:
இதைத்தான் ஐயா நான் முதலிலிருந்தே சொல்கிறேன்!

பழைய வாத்தியார்:
இல்லை தம்பி. நீங்கள் மூக்கும் ஆறும் ஒரே பொருள் என்றீர்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். ஆறு ஒழுகினால் எழுவாய் நீர், கூரை ஒழுகினால் எழுவாய் பாத்திரம். இரண்டும் இரண்டு பொருள்.

சொல்வேட்டை:
அப்படியானால் கூரையும் மூக்கும்?

பழைய வாத்தியார்:
ஒன்று.

சொல்வேட்டை:
கேட்டுக்கொள்ளுங்கள் ஆங்கிலக்காதலன்! கூரையும் மூக்கும் ஒன்று என்றால் குழாயும் மூக்கும் ஒன்று. வாத்தியாரே சொல்லிவிட்டார். 644.

ஆங்கிலக்காதலன்:
அவர் சொன்னது தமிழ் 'ஒழுகு'வைப் பற்றி. நான் பேசுவது ஆங்கில 'ரன்' பற்றி. கூரை ஒழுகினால் ஆங்கிலத்தில் 'லீக்', 'ரன்' இல்லை. கூரையைக் கொண்டுவந்து என் மூக்கின்மேல் வைக்க வேண்டாம்.

உங்களுக்குக் கிரிக்கெட் ஒன்று சொல்கிறேன். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டையாளர் நின்ற இடத்தில் நிற்கிறார், கணக்கில் 4 ரன் ஏறுகிறது. யாருமே ஓடாத இடத்தில் நான்கு ஓட்டம்! பொருள் வேரை விட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சொல்வேட்டை:
அது பெயர்ச்சொல். 645 வினைக்கு மட்டும், பெயர்ச்சொல் தனி என்று முதலில் சொன்னவர் நீங்கள். உங்கள் விதியை நீங்களே மீறுகிறீர்கள். போன மாதம் 'டேக்'குக்கும் 'கெட்'டுக்கும் நடந்த சண்டையிலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள், மறக்கவில்லை.

ஆங்கிலக்காதலன்:
அந்தச் சண்டையில் பாதியிலேயே எழுந்து போனது நீங்கள். அதையும் மறக்காதீர்கள்.

செட்டுக்கு_ஜே:
'செட்'டை ஒரே கோலால் அளக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நிரலாளன்:
அப்போ 'இயக்கு'வா 'ஓட்டு'வா?

சொல்வேட்டை:
தம்பி, பொறு. ஆங்கிலக்காதலன், நான்காவது முறையாகக் கேட்கிறேன். ஆறு வேண்டாம், கூரை வேண்டாம், கிரிக்கெட் வேண்டாம். குழாயும் மூக்கும் ஒன்றா, வேறா?

ஆங்கிலக்காதலன்:
வேறு. குழாயில் ஓடுவதற்காகத்தான் தண்ணீரைத் திறந்துவிடுகிறோம், மூக்கை யாரும் திறந்துவிடுவதில்லை. 645தான்.

சொல்வேட்டை:
திறந்துவிடுவது ஆளின் வேலை, சொல்லின் பொருள் இல்லை. 644.